களவைக் கண்டு களிக்கலாமா?

களவு தீது. இதனை நமக்குப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பள்ளியில் அடியெடுத்து வைத்த சிறுவனும் அறிவான். எழுத்தறியாத பாட்டியும் அறிவாள். ஒருவன் உழைத்து ஈட்டிய பொருளை மற்றொருவன் மறைந்து நின்று கவர்வதை எந்தச் சமுதாயமும் அறம் என்று ஒப்பியதில்லை. அங்ஙனமிருக்க, படக்கொட்டகையில் விளக்கணைந்து, வெண்திரையில் நான்கு கள்வர் நகைக்கடை ஒன்றின் கூரையைத் துளைக்கத் தொடங்கினால், நம் நெஞ்சம் யார் பக்கம் நிற்கிறது? ஓசை எழுந்துவிடுமோ என்று நாம் அஞ்சுகிறோம். தெருவில் போலீஸ்காரரைக் கண்டால் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். பெட்டகம் திறந்ததும் நம் வீட்டுப் பெட்டியே திறந்தாற்போல மகிழ்கிறோம். தம் வீட்டுக் கோழியைத் திருடியவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று நேற்று முழங்கிய அன்பரே, இன்று திரைக்கள்வன் பிடிபடலாகாதே என்று ஏங்குகிறார்.

இந்த நெஞ்சத்தை என்னென்று சொல்வது? இஃது உள்ளே உறங்கும் கள்ளத்தனத்தின் வெளிப்பாடா? அன்றிக் குற்றமற்ற விளையாட்டா? களவைத் திறம்படக் காட்டும் படத்தை நல்ல படம் என்று புகழ்வோர் களவையும் புகழ்ந்தவர் ஆவரோ? தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர் வேறு எக்கலையினும் மிகுதியாகக் கண்டு பழகியது சினிமாவே. ஆதலின் இவ்வினாவை எளிதெனத் தள்ளிவிட இயலாது.

ஆராய்ச்சிக்கு ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1955-இல் பிரான்சில் வெளிவந்த ‘ரிஃபிஃபி’ என்பது அதன் பெயர். அதனை எடுத்தவர் ஜூல்ஸ் டாசின். இவர் அமெரிக்கர், பொதுவுடைமைச் சார்பினர் என்று ஆலிவுட்டின் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, தம் நாட்டில் வேலையிழந்து ஐரோப்பாவுக்குப் போனவர். அவ்வாண்டுக் கான் படவிழாவில் சிறந்த டைரக்டருக்குரிய பரிசைப் பெற்றோருள் இவரும் ஒருவர். களவுப் படங்களுக்குள் தலையாயது இதுவே என்பார் பலர்.

கதை சுருக்கமானது. ஐந்தாண்டு சிறையிருந்து மீண்ட டோனி, அவன் நண்பன் ஜோ, அவர்களோடு சேர்ந்த மாரியோ, பெட்டகந் திறப்பதில் வல்ல செசார் ஆகிய நால்வரும் பாரிஸ் மாநகரத்து நகைக்கடை ஒன்றைக் கொள்ளையிடத் துணிகின்றனர். அக்கடையின் அபாயமணி சிறு அதிர்வுக்கும் ஒலிக்கும். எனவே அவர்கள் முன்னதாகவே அத்தகைய மணி ஒன்றை வைத்துப் பழகிப் பார்க்கின்றனர்; தீயணைக்கும் கருவியின் நுரையைப் பாய்ச்சினால் அதன் ஓசை அடங்கும் என்று கண்டறிகின்றனர். குறித்த இரவில், கட்டிடத்தில் இருந்தோரைக் கட்டிப்போட்டு, கடைக்கு மேலுள்ள வீட்டின் தரையைத் துளைக்கின்றனர். சிறு துளை விழுந்ததும் அதன் வழியே ஒரு குடையை இறக்கிக் கீழே விரிக்கின்றனர். பெயர்ந்து விழும் காரை அந்தக் குடைக்குள் ஓசையின்றித் தங்குகிறது. பிறகு கயிற்றில் இறங்கி, மணியை நுரையால் அடக்கி, பெட்டகத்தின் பின்புறத்தைத் துளையிட்டுத் திறக்கின்றனர். இவ்வளவும் திரையில் சற்றேறக்குறைய அரைமணி நேரம் நிகழ்கிறது. அந்த அரைமணியில் ஒரு பேச்சும் இல்லை. பின்னணி இசையும் இல்லை. சுத்தியலின் மெல்லிய தட்டலும், மூச்சும், எப்போதேனும் ஓர் இருமலுமே கேட்கின்றன.

இப்படம் திரையிடப்பட்டபோது நாம் கண்டது ஒன்று உண்டு. அந்த அரைமணியில் கொட்டகை முழுவதும் அடங்கிப்போயிற்று. கடலை கொறித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அழுத குழந்தையைத் தாய் வெளியே கொண்டுசென்றாள். திரைக்குள்ளே மணி அடித்துவிடுமென்று அஞ்சிக் கொட்டகைக்குள்ளே மக்கள் ஓசையை அடக்கிய அவ்வியப்பைக் கண்டபோதே, நம் உள்ளத்தில் மேற்கூறிய வினா எழுந்தது.

முதலில் பழைமையாளரின் விடையைக் கேட்போம். களவைக் காட்டுவதே தவறு என்பர் அவர். திருவள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில், பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்வோம் என்று நெஞ்சால் நினைப்பதும் தீது என்று கூறியதை எடுத்துக்காட்டுவர். ஆனால் வள்ளுவர் கடிந்தது கொள்ளும் எண்ணத்தை. கொட்டகையில் இருப்பவர் எதனைக் கொள்ளப் போகிறார்? அந்த வைரங்களில் ஒரு துணுக்கும் அவர் கைக்கு வாராது. வருமென்று அவர் எண்ணுவதும் இல்லை. அவ்வாறிருந்தும் அவர் நெஞ்சு துடிக்கிறது என்றால், அத்துடிப்பின் பொருள் பேராசை ஆகாது. வேறொன்று இருத்தல் வேண்டும்.

அந்த வேறொன்று யாது? உழைப்பின் மேல் மனிதனுக்குள்ள இயற்கையான மதிப்பே அஃது. நால்வர் கூடித் திட்டமிடுகின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் கருவியைச் செவ்வனே கையாள்கின்றனர். ஒருவர் வியர்வையை மற்றவர் துடைக்கிறார். சிறு பிழை நேர்ந்தால் எல்லாம் பாழ். இத்தகைய வேலையைக் கண்டால் அது முற்றுப்பெற வேண்டுமென்று விரும்பாத நெஞ்சம் மனித நெஞ்சமே அன்று. வேலை பறிக்கப்பட்ட ஒரு டைரக்டர் வேலையின் அழகை இவ்வளவு கூர்ந்து காட்டியதும் வியப்பன்று. நாம் வியந்தது உழைப்பை. அவ்வுழைப்பு களவுக்கு அடிமையாயிருந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அறிவின் வேலை.

இங்கே நம்மவர் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்று உண்டு. இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, இருட்டில் நிரை பிடித்துப் பால்மரம் வெட்டினர். கத்தி ஆழம் குறைந்தால் பால் வடியாது. சற்று மிகுந்தால் மரம் புண்படும். பட்டைக்கும் உள்மரத்துக்கும் இடைப்பட்ட அம்மெல்லிய எல்லையைக் கண்ணாலன்றிக் கையாலேயே அறிந்து, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களை அவர்கள் சீவினர். பெட்டகத்தைத் திறந்த செசாரின் கைக்கு அக்கை எவ்வகையில் தாழ்ந்தது? ஆயினும் அதனை அரைமணி நேரம், பேச்சும் பாட்டும் இன்றி, மூச்சடக்கிப் பார்க்க நமக்கு எந்தப் படமுதலாளி வாய்ப்பளித்தான்? நேர்மையான உழைப்பு திரைக்கு வாராமையால், உழைப்பின் அழகைக் காணக் களவின் கதவண்டை நிற்கிறோம். களவுப் படத்தைத் தூற்றும் பெரியோர் முதலில் இக்குறையைத் தூற்றட்டும்.

இனி, வியப்பு குற்றமன்று என்றால் எல்லாக் களவுப் படமும் நல்லனவோ? அதுவும் இல்லை. நல்லதையும் தீயதையும் பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். அமெரிக்கர் ஒன்றைச் செய்து பார்த்தனர். அந்நாட்டுப் படமுதலாளிகள் 1930-இல் ஒழுக்க விதிகளை வகுத்து, 1934 முதல் அவற்றைக் கண்டிப்பாக நடத்தினர். திருட்டு, பெட்டகம் உடைத்தல் முதலியவற்றின் முறைகளை விரித்துக் காட்டலாகாது. பார்ப்போரின் இரக்கம் குற்றத்தின் பக்கம் சாயலாகாது என்பன அவ்விதிகளுள் சில. இதன் விளைவு யாது? படமெங்கும் கள்வனைக் கதாநாயகனாக்கி உலவவிட்டு, இறுதி நிமிடத்தில் அவன் கையிலிருந்து பணத்தைப் பிடுங்கிவிட்டால் அறம் நிலைநாட்டப்பட்டதாயிற்று என்ற வழக்கம் வேரூன்றியது. 1960-இல் வெளிவந்த ‘ஓஷன்ஸ் இலெவன்’ என்னும் படத்தில், சூதாட்ட விடுதிகளில் கொள்ளையடித்த பணத்தைச் சவப்பெட்டியில் ஒளிக்கின்றனர். அப்பெட்டி எரியூட்டப்பட்டு, பணமும் சாம்பலாகிறது. 1968-இல் அவ்விதிகள் கைவிடப்பட்டன. அதே கதையை 2001-இல் மீண்டும் எடுத்தபோது, கள்வர் 16 கோடி டாலரோடு நலமாக வெளியேறுகின்றனர். ஒன்றில் பணம் எரிந்தது, மற்றொன்றில் எரியவில்லை. பார்த்தவர் நெஞ்சில் இவ்விரு முடிவுகளும் உண்டாக்கிய வேறுபாடு என்ன? இரண்டிலும் அவர் கள்வரோடு சேர்ந்தே சிரித்தார். ஆதலின் முடிவைக் கொண்டு படத்தின் அறத்தை அளப்பது முகத்தில் சுண்ணாம்பு பூசி நோயை மறைப்பது போலாகும்.

நமக்குத் தோன்றும் அளவுகோலை ஒரு பழைய நாடகத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். சூத்திரகர் வடமொழியில் இயற்றிய மிருச்சகடிகத்தை நம்மவர் பலர் அறிவர். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதனை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழாக்கினார். அதன் மூன்றாம் அங்கத்தில் சருவிலகன் என்னும் பார்ப்பனன் சாருதத்தன் வீட்டுச் சுவரில் கன்னமிடுகிறான். அளவுநூலை மறந்து வந்தவன், மார்பிற் கிடந்த பூணூலையே அளவுநூலாகக் கொள்கிறான்! சுவர் அளக்கவும், அணிகலன் கழற்றவும், பாம்பு தீண்டினால் கட்டுப் போடவும் அது பயன்படுமென்று அதன் பெருமையையும் பேசுகிறான். எந்த வடிவில் துளையிட்டால் அழகாயிருக்கும் என்று ஆராய்ந்து, நிறைகுடம் போன்ற வடிவைத் தேர்கிறான். புனிதமென்று பூண்ட நூல் கன்னக்கோலுக்குத் துணையானதைக் காட்டி அக்காலத்து நாடகாசிரியர் நகைத்த துணிவு பாராட்டத்தக்கது.

ஆனால் நாம் கருதும் இடம் அதற்குப் பின்னே உள்ளது. உறங்கி எழுந்த சாருதத்தன் துளையைக் காண்கிறான். தன் வீடு கொள்ளைபோயிற்று என்பதையும் மறந்து, என்ன அழகாகச் செய்திருக்கிறான் என்று வியக்கிறான். வறியவன் வீட்டில் கள்வன் ஏமாந்து போகாமல் ஏதேனும் கொண்டுபோனானே என்று மகிழவும் செய்கிறான். அடுத்த கணம், போனவை வசந்தசேனை தன்னிடம் அடைக்கலமாக வைத்த நகைகள் என்பது நினைவுக்கு வருகிறது. உடனே மயங்கி விழுகிறான். அப்பழியிலிருந்து கணவனைக் காக்க, அவன் மனைவி தன் இரத்தின மாலையைக் கழற்றிக் கொடுக்கிறாள்.

பாருங்கள்! முதற் பார்வையில் துளையின் அழகு தெரிந்தது. இரண்டாம் பார்வையில் இழந்தவளின் முகம் தெரிந்தது. முதற் பார்வைக்காகச் சாருதத்தனை யாரும் பழிக்கமாட்டார். இரண்டாம் பார்வை வாராது போயிருந்தால் அவனைச் சான்றோன் என்றும் யாரும் கூறமாட்டார். நம் அளவுகோல் இதுவே: களவைக் காட்டும் படம் நம்மை இரண்டாம் பார்வைக்கு அழைத்துச் செல்கிறதா, அன்றி முதற் பார்வையிலேயே கட்டிவைக்கிறதா?

இவ்வளவுகோலால் ‘ரிஃபிஃபி’யை அளந்து பார்ப்போம். அரைமணிக் களவு முடிந்தபின் படம் முடிந்துவிடவில்லை. உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. செசார் ஒரு மோதிரத்தை மறைத்து எடுத்துத் தான் விரும்பிய பாட்டுக்காரிக்குக் கொடுக்கிறான். அதனால் வேறொரு கொலைக்கும்பல் செய்தியறிகிறது. மாரியோவும் அவன் மனைவி ஈடாவும் கொல்லப்படுகின்றனர். காட்டிக்கொடுத்த செசாரை, கூட்டத்தின் கட்டுப்பாடு இது என்று சொல்லி, டோனி சுட்டுக் கொல்கிறான். ஜோவின் குழந்தை கடத்தப்படுகிறது, ஜோ மாய்கிறான். குண்டடிபட்ட டோனி குழந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு பாரிஸ் தெருக்களில் விரைகிறான். அவன் உயிர் ஒழுகிக்கொண்டிருக்க, அருகே குழந்தை பொம்மைத் துப்பாக்கியை ஆட்டி விளையாடுகிறது. வீட்டு வாசலில் தாய் குழந்தையை வாரியெடுக்கிறாள், கொள்ளைப் பணம் காரிலே கிடக்கிறது, ஓட்டிவந்தவன் பிணமாகிறான்.

முன்பு நாம் கண்டு வியந்த அந்த ஒற்றுமையும் நுட்பமும் எதற்குப் பயன்பட்டன என்ற கேள்வி இங்கே நம்மைச் சுடுகிறது. மேலும், இதே டோனி படத்தின் தொடக்கத்தில் தன்னைக் கைவிட்ட பெண்ணைக் கச்சையால் அடித்தவன் என்பதையும் டாசின் மறைக்கவில்லை. கள்வனின் வீரத்தைக் காட்டுபவர் அவன் கொடுமையையும் காட்டக் கடமைப்பட்டவர். அக்கடமையை அவர் செய்திருக்கிறார். இருந்தும் நமக்கு ஒரு குறை உண்டு. நகையை இழந்தவன் வருந்தும் முகத்தைப் படம் நமக்குக் காட்டவில்லை. கட்டிப்போடப்பட்டவர் அவ்விரவை எப்படிக் கழித்தனர் என்பதிலும் அது நிற்கவில்லை. கள்வருக்கு நேர்ந்த கேட்டைக் காட்டியது; கள்வரால் பிறர்க்கு நேர்ந்த கேட்டைப் பாதியே காட்டியது. எனவே காட்சியமைப்பில் முழு மதிப்பும், அறக்காட்சியில் முக்கால் மதிப்பும் தருவோம்.

இழந்தவன் முகத்தை மறைப்பது களவுக் கதைகளின் பழைய தந்திரம். மறைக்க முடியாவிடில் அவனை வெறுக்கத்தக்கவனாக்கி விடுவர். 2001-இன் ‘ஓஷன்ஸ் இலெவன்’ படத்தில் விடுதி முதலாளி ஈரமற்றவன்; கதாநாயகனின் முன்னாள் மனைவியைத் தன்பால் வைத்திருப்பவன். அவன் இழந்தால் நமக்கென்ன என்று தோன்றும்படி எல்லாம் அமைந்துள்ளது. இத்தந்திரம் மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்து வந்து திருவரங்கத்துத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று வைணவ குருபரம்பரைக் கதைகள் பெருமையோடு கூறுகின்றன. அவர் செய்த சூழ்ச்சியின் நுட்பத்தைக் கேட்டு மெய்சிலிர்ப்போர் உண்டு. அச்சிலையைத் தொழுத பௌத்தரின் கண்ணீரைப் பற்றி அக்கதையைச் சொல்வோர் ஒரு சொல்லும் சொல்லார். பொருள் இழந்தவன் வேற்றுச் சமயத்தான், வேற்றுச் சாதியான், வேற்று நாட்டான் என்றவுடன் களவு தொண்டாகி விடுகிறது! எவனுடைய இழப்பும் இழப்பே என்று கொள்ளாத அறம் அறமாகாது.

களவுக் கதை இன்னொரு தீங்கும் செய்யவல்லது. இதனை இளங்கோவடிகள் என்றோ கண்டறிந்தார். சிலப்பதிகாரத்தில் கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவன் கோவலனைக் காட்டிக் கொடுத்தபோது, வந்த காவலர், இவன் தோற்றத்தில் கள்வனல்லன் என்று தயங்குகின்றனர். அப்போது அவன் என்ன செய்கிறான்? சான்றா காட்டுகிறான்? இல்லை, கதை சொல்கிறான். மந்திரம், மருந்து, காலம், இடம், கருவி என்று கள்வர்க்குத் துணையாவன எட்டு என விரிக்கிறான். நள்ளிரவில் அரசிளங்குமரனின் பள்ளியறைக்குட் புகுந்து, அவன் மார்பின் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த மாயக்கள்வன் ஒருவனின் திறத்தை வியக்க வியக்கச் சொல்கிறான். கேட்டவர் அறிவு மயங்குகிறது. கல்லாத காவலன் ஒருவன் வாளை வீசுகிறான். குற்றமற்ற கோவலன் வெட்டுண்டு வீழ்கிறான். கள்வனே களவின் திறத்தை வியந்து பேசி, பிறர் கண்ணைத் தன்மேலிருந்து விலக்கிய கொடுமையை இதனினும் தெளிவாக யார் காட்டவல்லார்?

அப்பொற்கொல்லன் இன்றும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். கள்வன் என்றால் இரவில் வருவான், முகமூடி அணிவான், துளைகருவி தாங்குவான் என்று படங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. இதனால் இரு தீங்குகள். பழைய சட்டையணிந்த ஏழை இளைஞன் கடைக்குள் நுழைந்தால், அவன் பின்னாலேயே ஒரு கண் போகிறது. அதே வேளையில், பகலில், குளிரூட்டிய அறையில், பேனாவால் திருடுபவனைக் கண்டால் எழுந்து நின்று வணங்குகிறோம்.

இதற்கு நம் நாட்டுச் சான்றே போதும். மலேசிய அரசின் 1எம்டிபி நிதியத்திலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பணம் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை குற்றஞ்சாட்டியது. அங்கே கூரையில் துளையில்லை, குடையில்லை, நுரையில்லை, கையெழுத்தும் வங்கிக் கணக்குமே இருந்தன. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், அப்பணத்தின் ஒரு பகுதி ‘த வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ என்னும் 2013-ஆம் ஆண்டுப் படத்தை எடுக்கச் செலவாயிற்று என்பதும் அந்நீதித்துறை 2016-இல் தொடுத்த வழக்கில் அடங்கியிருந்தது. படத்தை எடுத்த நிறுவனம் 2018-இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 6 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அப்படமோ, பங்கு விற்பனையில் மக்களை ஏய்த்துச் செல்வம் குவித்த ஒருவனின் கதை! அவன் குடித்துக் களித்ததை மூன்று மணி நேரம் காட்டிய அப்படத்திலும், ஏமாந்தவர் முகத்தைக் காண்பது அரிது. நம் வரிப்பணத்துக்கும் ஒரு முகம் உண்டு: மருந்தில்லா மருத்துவமனையின் வரிசை, ஒழுகும் பள்ளிக்கூரை, கடன் சுமக்கும் பேரப்பிள்ளை. அம்முகத்தைத் திரையில் காட்டினால் மூச்சடக்கிப் பார்ப்போமா?

ஆதலின் தோழர்களே, களவுப் படங்களைத் தடைசெய்க என்று நாம் கூறவில்லை. தடை அறிவை வளர்க்காது. மறைந்து பார்க்கும் ஆசையையே வளர்க்கும். பிள்ளைகளை அப்படங்களுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், திரும்பும் வழியில் அவர்களோடு பேசுக என்றே வேண்டுகிறோம். எது நன்றாயிருந்தது என்று முதலில் கேளுங்கள். கயிற்றில் இறங்கியதையும் பெட்டகந் திறந்ததையும் சொல்லுவார்கள், சொல்லட்டும், உழைப்பையும் நுட்பத்தையும் வியக்கும் கண் நல்ல கண். அடுத்து, இழந்தவர் யார் என்று கேளுங்கள். அவரைப் படம் காட்டியதா? காட்டியிருந்தால் மனிதராகக் காட்டியதா, வெறுக்கத்தக்க பதுமையாகக் காட்டியதா? அவ்வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள்? கடைசியாக, இந்தக் கதையைச் சொல்வதால் ஆதாயம் அடைபவர் யார் என்றும் கேளுங்கள். இக்கேள்விகளுக்கு விடைதேடப் பழகிய பிள்ளையை எந்தப் பொற்கொல்லனும் ஏமாற்ற இயலாது.

படமெடுப்போருக்கும் ஒரு சொல். துளையின் அழகைக் காட்டுங்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சாருதத்தன் மயங்கி விழுந்த கணத்தை வெட்டி எறியாதீர்கள். கலைக்கு அஃது இழுக்கன்று. அதுவே கலையின் நிறைவு. களவைக் கண்டு வியக்கலாம். இழந்தவரை மறந்து களிக்கலாகாது.